கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை வருகிறது என்று நான் போட்ட மெசேஜை குரூப்பிலிருந்து அழித்ததும் தெரியும். "பீதியைக் கிளப்பாதீங்க மேடம், கொதிக்க வெச்சுக் குடிச்சா போதும்" என்றவருக்குக் கைதட்டினார்களே, அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியும் சாகும். நான் எப்போது மறுத்தேன்? நான் கேட்டது ஒன்றே ஒன்று: குடிதண்ணீர்க் குழாய்க்குள் சாக்கடை ஏன் வருகிறது?

டில்லியில் 2010-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள். குழாய்த் தண்ணீரில் 50 மாதிரி, தெருவில் கசிந்து தேங்கிய நீரில் 171 மாதிரி. கார்பபெனெம் போன்ற கடைசிக்கட்ட ஊசிமருந்துகளையே முறித்துப்போடும் என்டிஎம்-1 மரபணு (பெயரில் உள்ள 'என்டி' நியூ டில்லியைக் குறிப்பது), தேங்கிய நீரில் 51 மாதிரிகளில் இருந்தது. குழாய்த் தண்ணீரில் இரண்டில் இருந்தது. காலரா கிருமிகூட அதைச் சுமந்துகொண்டிருந்தது. அந்த ஆய்வு 2011 ஏப்ரலில் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையின் தொற்றுநோய் இதழில் வெளியானது.

"ஐம்பதுக்கு ரெண்டுதானே?" என்பீர்கள். குடிக்கிற தண்ணீரில் எத்தனை இருந்தால் பரவாயில்லை? இந்த மரபணு ஒரு கிருமியோடு நிற்பதில்லை, வேறு வகைக் கிருமிக்கும் கைமாறும். 30 டிகிரி வெப்பத்தில் அது மும்முரமாக நடந்தது என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. நம் மொட்டைமாடித் தொட்டியை மே மாதத்தில் தொட்டுப் பாருங்கள்.

"அது டில்லிக் கதை." இல்லை. 2010-ல் வந்த முந்தைய ஆய்வில் இந்த மரபணுவைச் சுமந்த கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து மட்டும் 44. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அப்போது நாடே கொதித்தது, கிருமிக்கு எதற்கு நம் தலைநகரத்தின் பெயர் என்று. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பெயருக்காகப் போட்ட சண்டையில் பாதியைக் குழாய்க்காகப் போட்டிருக்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருஷம் சிறுநீரில் தொற்று. யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். கீழே இரண்டே இரண்டு ஊசிக்கு மட்டும் 'எஸ்', அதாவது கேட்கும். பதினொரு நாள் கையில் ஊசியோடு படுத்திருந்தார். "சாதா நீர்க்கடுப்புக்கா இத்தனை நாள்?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அது தண்ணீரால் வந்தது என்று நான் சொல்லவில்லை, நிரூபிக்கவும் முடியாது. ஆனால் இப்படிப்பட்ட கிருமி எந்த நோவும் காட்டாமல் குடலில் குடியிருக்கும். கழிவோடு வெளியேறும். அந்தக் கழிவு போகிற குழாய்க்குப் பக்கத்திலேயேதான் நம் தண்ணீர்க் குழாயும் போகிறது. ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். விரிசல் வழியே வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கும் நாமும் காரணம்தானே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மை. நானும் வாங்கியிருக்கிறேன், இனி மாட்டேன். அதனால் குழாயைப் பற்றிப் பேசக்கூடாது என்றாகுமா?

"ஆர்.ஓ. போட்டுக்கோங்க" என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நம் வாசலில் பூ கட்டுகிற அக்கா எங்கே ஆர்.ஓ. போடுவார்? அவர் கேஸ் சிலிண்டரை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர். தினமும் ஒரு குடம் கொதிக்க வைப்பாரா? நீங்கள் மட்டும் பல் தேய்ப்பது, கொத்தமல்லி அலசுவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் கொதித்து ஆறிய தண்ணீரிலா?

பீதி என்றீர்கள். பதினோராம் நாள் அப்பா எழுந்து நான்கு எட்டு நடந்தபோது எனக்கு வந்த அழுகை உங்களுக்குத் தெரியாது. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டுதான் அந்த மெசேஜை எழுதினேன். அதைப் படிக்காமலேயே அழித்தீர்கள்.

இன்று காலை வந்த தண்ணீரை வாளியில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறேன். முதல் கமெண்டில் இருக்கிறது. அதை நீக்கச் சொல்லி யாரும் போன் செய்ய வேண்டாம்.