அரைமணி நேரம் தனியாக இருக்க விடுங்கள்

கலியாணத்துக்கு முன் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கு முடிந்து மூன்று நாளாகிறது, வாசற்படி தாண்ட விடுகிறார்கள் இல்லை. நான் கேட்டது திருகோணமலையில் எங்கள் கோணேசர் கோவிலடிக்கு ஒருதரம் போய்வர மட்டும்தான், கோட்டை வாசலால் போய் மான்களைப் பார்த்துக்கொண்டு மேலே ஏறினால் கடல் தெரியும், அங்கே கொஞ்சநேரம் இருந்து யோசிக்க வேண்டும் போலிருக்கிறது. 2004 மார்கழி 26, சுனாமி வந்த அன்று எனக்கு ஏழு வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது, அப்புறம் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது, முதல் சம்பளத்தில் அப்பாவுக்குச் சாரம் வாங்கியது, எல்லாம் இந்த ஊரில்தான். இன்னும் நாலு நாளில் யாழ்ப்பாணம் போய்விடுவேன்.

இதை நினைக்கத் தொடங்கினாலே யாராவது கதவைத் திறக்கிறார்கள். "பிள்ளை, வெயிலில் நிற்காதே, முகம் கறுத்துப்போகும்." "பிள்ளை, இனி வேலையை விடுவாய்தானே?" பலகாரம் சுட வந்த மாமிமார் ஆளுக்கொரு புத்தி சொல்கிறார்கள், சரி, அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் பயமாக இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை நேற்றும் சந்தைக்குப் போய்வந்தாராம். அவருக்கும் அதே பொன்னுருக்குத்தானே?