நேபாளம் போகிற சபையாருக்கு: போனைப் பையிலேயே வைத்திருங்கள்

மே மாத லீவு நெருங்கிவிட்டது. எங்கள் பக்கம் 'நேபாள ஊழியப் பயணம்' நோட்டீஸ்கள் வாட்ஸாப்பில் வர ஆரம்பித்துவிட்டன. ஏன் எல்லாரும் நேபாளத்துக்கே போகிறோம் என்பது ரகசியம் இல்லை. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், தரை வழியாகப் போனால் வாக்காளர் அட்டையே போதும். ராப்திசாகர் ரயிலில் ஏறினால் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி எல்லை. வெளிநாட்டு ஊழியம் என்று போட்டுக்கொள்ள இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

நானும் அப்படி ஒரு குழுவோடு போனவன்தான். போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. போய் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

முதலில் சட்டம். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு, நாடு மதச்சார்பற்றது என்கிறது. அதே அரசியலமைப்பின் 26-வது பிரிவு, ஒருவரை இன்னொரு மதத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-வது பிரிவு இதற்குத் தண்டனையும் வைத்தது: 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். குற்றவாளி வெளிநாட்டவர் என்றால், தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடு கடத்த வேண்டும். எழுத்தில் சிறையும் அபராதமும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒரு வாரம் இருந்துவிட்டு ரயில் ஏறுகிற நம்மைத் தேடி எந்த போலீஸும் திருநெல்வேலிக்கு வராது. விசாரணைக்குக் கூப்பிட ஆள் வேண்டும் என்றால், நமக்குச் சாப்பாடு போட்ட போதகர்தான் அங்கே இருப்பார்.

சரிகோட் வழக்கைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் ஒரு சனிக்கிழமை, பகல் 11:56-க்கு. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் ஆராதனையும் அன்றுதான். சபைகள் நிறைந்திருந்த நேரம். ஆராதனையிலேயே இறந்துபோனவர்கள் உண்டு. மறு ஆண்டு, தோலகா மாவட்டத்துச் சரிகோட்டில் பூகம்பத்தால் மிரண்டுபோன பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லும் நிகழ்ச்சியில், இயேசுவின் கதை சொல்லும் படப் புத்தகம் கொடுத்தார்கள் என்று 8 பேரைக் கைது செய்தார்கள். டிசம்பரில் விடுதலை ஆனார்கள். ஆனால் அந்தப் பல மாதம் கோர்ட்டும் வக்கீலுமாக அலைந்தது அவர்கள்தான். 2020-இல் ஒரு போதகர், ஜெபத்தால் கொரோனா குணமாகும் என்று பேசியதற்காகப் பொக்காராவில் கைதானார். அவர்மேல் அடுத்தடுத்து வழக்குகள். கடைசியில் டோல்பா மாவட்ட நீதிமன்றம் 2 ஆண்டு கொடுத்தது, மேல்முறையீட்டில் அது ஓராண்டானது. அவர் பேசியது சரியா என்பது வேறு விஷயம். அவர் பேசியது வீடியோவாகச் சுற்றியது, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இப்போது நாங்கள் போன ஊருக்கு வருகிறேன். பெயர் சொல்லமாட்டேன், மாவட்டத்தையும் சொல்லமாட்டேன். மலைமேல் தகரக் கூரை போட்ட சின்னச் சபை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் தரையில். ஒரு பையன் மாதல் வாசித்தான், அந்த மேளத்தின் சத்தம் நம்ம ஊர்ச் சபை விருந்தான அசனத்தில் அடித்தால்கூடப் பொருந்தும். உள்ளே ஒருவருக்கொருவர் 'ஜெய்மசீ' என்று வணக்கம் சொன்னார்கள். பாட்டு உச்சத்துக்குப் போனபோது எங்கள் குழுவில் இரண்டு பேர் எழுந்து போனைத் தூக்கினார்கள். முன்வரிசையில் கண்ணை மூடிக் கை உயர்த்தியிருந்த ஒரு பெண், எப்படியோ உணர்ந்து, கையை இறக்கி, சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய ஜெபமும் நின்றுபோனது. போதகர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வார்?

சாயங்காலம் அந்த அக்காவைப் பற்றி விசாரித்தேன். புருஷன் மலேசியாவில் வேலை. மாமியார் வீட்டில் மற்ற யாரும் விசுவாசி இல்லை. சபைக்குப் போகிறாள் என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் எத்தனை பேர், யார் யார், என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தும் பாராததுபோல் விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தக் கண்டும் காணாத நிலையில்தான் அவளுக்குச் சோள நிலத்தில் பங்கும், பொதுக்குழாயில் தண்ணீரும் கிடைக்கிறது. ஒரு போட்டோ அவள் கொழுந்தனின் போனுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த ஏற்பாடு உடைந்துவிடும்.

நம் மேடைகளில் உபத்திரவம் என்றால் சிறை, அடி, ரத்தம். காட்மாண்டுவில் போய்ப் பார்த்தால் பெயர்ப்பலகையோடு பெரிய பெரிய சபைகள் இருக்கின்றன, கிட்டார் சத்தம் தெருவரை கேட்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல், 1.76 சதவீதம். மதம் மாறினாலே சிறை என்ற காலம் 1990-ஓடு போய்விட்டது. அங்கே இன்றைய நெருக்கடி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயும் ஊருக்குள்ளேயும் நடக்கிறது. செத்தவரைப் புதைக்க இடம் கிடைக்காததும் அதில் ஒன்று. பசுபதிநாத் கோயில் பக்கத்துக் காட்டில் கிறிஸ்தவர்களும் கிராத இனத்தாரும் புதைத்து வந்தார்கள். 2011-இல் அங்கே தடை வந்தது, உண்ணாவிரதம் வரை போனார்கள். புதைக்க ஆறடிக்கு அலைவதை எந்தக் கன்வென்ஷனிலும் சாட்சியாகச் சொல்லக் கேட்டதில்லை. கைதட்டல் வராது, அதனால் இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஊருக்குத் திரும்பிப் போடுகிற ரிப்போர்ட்டில் 'இத்தனை ஆத்துமாக்கள்' என்று ஒரு எண் வரும். கை தூக்கியவர்களை எண்ணியது. அவர்களில் பாதிப் பேர் பல வருஷமாக அந்தச் சபையிலேயே இருப்பவர்கள்; விருந்தாளி கை தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். நேபாள சபையைக் கட்டியவர்கள் நேபாளிகளே. 1950-களில் எல்லை திறந்தபோது இந்தியப் பக்கமிருந்து உள்ளே போய்ப் பொக்காராவில் சபை தொடங்கியவர்கள் நேபாளி பேசும் விசுவாசிகள். 1954-இல் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த வெளிநாட்டு மிஷன், மதம் மாற்றமாட்டோம் என்று அரசோடு ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே நுழைந்தது. அந்த அறுவடையை நாம் ஒரு வாரத்தில் செய்ததாகக் காட்டுவது பொய்க்கணக்கு. 158-வது பிரிவு இருக்கிற நாட்டில் அந்தப் பொய்க்கணக்கு அடுத்தவர் தலையில் வழக்காக விழலாம். போதகரின் படமும் ஊர்ப் பெயரும் ஞானஸ்நான எண்ணிக்கையும் ஒரே பதிவில் இருந்தால், போலீஸுக்குத் தனியாகச் சாட்சி தேட வேண்டியதில்லை.

(இடையில் ஒரு வார்த்தை. கோரக்பூரில் இறங்குகிறோமே, அந்த உத்தரப் பிரதேசத்தின் மதமாற்றத் தடைச் சட்டம் 2024 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் தண்டனை வரை போகிறது. நேபாளத்தைவிடக் கடுமை. 2002-இல் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு தடைச் சட்டம் வந்து, 2004 தேர்தலுக்குப் பிறகு வாபஸ் ஆனது. நோட்டீஸில் 'உபத்திரவ தேசம்' என்று போடுகிறவர்கள் ரயில் போகும் வழியையும் பார்க்கலாம்.)

'போட்டோ இல்லாமல் காணிக்கை கொடுத்தவர்களுக்கு என்ன கணக்குக் காட்டுவது?' என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். டிக்கெட், ஜீப் வாடகை, அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, அதைக் காட்டுங்கள். முகம் தெரியாமல், ஊர் தெரியாமல் நடந்ததைச் சொல்லுங்கள். அதை நம்பாத சபை படத்தைப் பார்த்தால் மட்டும் நம்பிவிடுமா?

அந்தப் போதகரிடம் கிளம்பும்போது, 'ஐயா, அடுத்த தடவை என்ன கொண்டுவரட்டும்?' என்று கேட்டேன். ஊழியப் பாட்டு, நாடகம், மாஜிக் ஷோ எதுவும் அவர் கேட்கவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்த நர்ஸ் யாராவது இரண்டு மூன்று மாதம் வந்து தங்குவார்களா என்றார். ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கவே அரை நாள் ஆகிறதாம். அப்புறம் சபைக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க, பதிவு விவரம் தெரிந்த வக்கீலிடம் பேச உதவி. ஆராதனைக்கு இல்லை, புதைக்க.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காமார் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சர்க்கரைக்காரர், மலை ஏற முடியாது. இன்னொருவர் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இந்த மே மாதக் குழுவுக்கோ இருபது பேர் பெயர் கொடுத்தாயிற்று, டிஷர்ட்டும் அச்சடித்தாயிற்று.