எங்கள் மைதானத்தின் சாவி

கடந்த மாரியில் எங்கள் ஊர்ப் பொது விளையாட்டரங்கில் இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. மேடைச் சாமான்கள் ஏற்றிவந்த லொறி, ஈரம் காயாத ஓடுபாதைக்கு மேலாகவே உள்ளே போய்த் திரும்பியது. எங்கள் செம்மண் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல்லாக இறுகும். தை பிறந்து வெயில் ஏறியபோது சில்லுத் தடங்கள் இரண்டும் அரைச்சாண் ஆழத்தில் அப்படியே இறுகிக் கிடந்தன. இல்ல விளையாட்டுப் போட்டிக்காக 800 மீற்றர் ஓடிப் பழகிக்கொண்டிருந்த என் அக்காவின் மகள் அந்தத் தடத்தில் கால் பிரண்டு விழுந்தாள். கணுக்கால் வீங்கி, போட்டியன்று கயிற்றுக்கு வெளியே கதிரையில் இருந்தாள்.

இதனால் மைதானத்தில் விழாவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய ஊருக்கு இருக்கும் ஒரே பரந்த வெளி அது. பொங்கல் விழா, விவசாயக் கண்காட்சி, முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு, நீரிழிவுக்காரரின் விடிகாலை நடை, எல்லாம் அங்கேதான் நடக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சமடைந்ததை நாம் மறக்கவில்லை. மேடான இடத்தில் மலசலகூடமும் குடிநீரும் உள்ள பார்வையாளர் அரங்கு இருந்தால், அப்படியான நாட்களில் வகுப்பறைகளின் சுமை ஓரளவு குறையும்.

ஆனால் பல தேவைக்கான மைதானம் என்றால், எதையும் எங்கும் செய்யலாம் என்பது பொருளல்ல. 400 மீற்றர் ஓடுபாதைக்குள் உதைபந்தாட்டத் திடல் அடங்கிவிடும். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும், சுற்றிவரக் கொஞ்ச இடமும் போதும். அதை ஒரு மூலையில் அமைக்கலாம். மேடையும் வாகனப் பாதையும் ஓடுபாதைக்கு வெளியே நிரந்தரமாகக் குறிக்கப்பட வேண்டும். இடம் எடுப்பவர்களிடம் வைப்புப் பணம் வாங்கி, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் நிலத்தைப் பார்த்த பின்னரே அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளத்தில் கிரவல் கொட்டி நிரவுவது திருத்தமாகாது, ஓடுகிற கால் அதில் வழுக்கும்.

என்னை அதிகம் வருத்துவது வாயிற்கதவுதான். அலுவலக நேரம் முடிந்ததும் அது பூட்டப்படுகிறது. பாடசாலையும் தனியார் வகுப்பும் முடிந்து பிள்ளைகள் வருவதும் அந்த நேரத்தில்தான். பெடியன்கள் மதிலேறிக் குதித்து உள்ளே போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் வலைப்பந்தைக் கையில் வைத்தபடி கதவடியில் சற்று நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இத்தனை செலவில் கட்டிய அரங்கு அவர்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு?

மாலை 7 மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும். கிழமையில் மூன்று மாலைகளாவது பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டு, அந்த அட்டவணை வாயிலில் எழுதித் தொங்கவிடப்பட வேண்டும். மின்விளக்கும், பொறுப்பான ஒரு பெண் பயிற்றுநரும் வேண்டும். விளையாட்டுக் கழகங்களும் பெற்றோரும் கையெழுத்திட்டு இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுப்போம், ஐப்பசி மழைக்கு முன்னர்.