அவசரமில்லாத உறுமல்

ஒபிச்சுவரி என்ற அமெரிக்க டெத் மெட்டல் இசைக்குழுவின் ‘டையிங் ஆஃப் எவ்ரிதிங்’ ஆல்பத்தை இத்தனை நாளும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில்தான் கேட்டேன். போன சனிக்கிழமை கோல்மன் ஸ்திரீட் பக்கம் போனபோது இசைத்தட்டாகவே வாங்கிவிட்டேன். ஐம்பது வெள்ளிக்கு மேல். வீட்டில் போட்டுக் கேட்ட பிறகுதான் தெரிகிறது, இந்த ஆல்பத்தை நான் இதுவரை ஒழுங்காகக் கேட்கவே இல்லை.

கனத்த கிட்டாரும் உறுமும் குரலுமான டெத் மெட்டல் என்றால் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த ஃபுளோரிடாக்காரர்களின் பலமே நிதானம். 1989இல் வந்த முதல் ஆல்பத்தில் பாடகர் ஜான் டார்டி பல இடங்களில் சொல்லே இல்லாமல் வெறும் தொண்டையால் உறுமியிருப்பார். டிரம்ஸில் அவர் தம்பி டொனால்ட், கிட்டாரில் ட்ரெவர் பெரெஸ். மூன்று பேரும் இன்றும் ஒன்றாக இருக்கிறார்கள். 2017இல் வந்த ஆல்பத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து, 2023 ஜனவரியில் இந்த ஆல்பம் வந்தது. “அதே சத்தம்தானே, புதுசா என்ன?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தோடி ராகத்துக்குப் பேர்போன நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையிடம் போய் “மறுபடியும் தோடியா?” என்று யாராவது கேட்டிருப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் எங்கள் வீட்டுக்கு மாமா வந்திருந்தார். இளவயதில் உறுமி மேளம் வாசித்தவர். தட்டின் முதல் பக்கம் முழுக்கப் பேசாமல் கேட்டுவிட்டு, “டிரம் அடிக்கிறவன் அவசரப்படல மாப்ள. அடிக்கு அடி இடம் விடுறான், அதான் கனமா இருக்கு” என்றார். வருடக்கணக்காக எனக்குச் சொல்ல வராததை அவர் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்துத் தேய்த்து அடிவயிற்றில் இறங்கும் ஒலியை எழுப்பிய கை அது. உறுமல் நமக்கு அந்நியமே இல்லை. 1992இல் தொடங்கிய நம்மூர் ருத்ரா குழுவினர் இந்த இசையில் வேதாந்தம் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் “இதெல்லாம் வெள்ளைக்காரன் கூச்சல்” என்று நம் ஆட்களே சொல்வது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தட்டில் ஏன் கேட்க வேண்டும்? தாழ்ந்த ஒலிக்கு, ஊசி ஓடும் பள்ளம் அகலமாக வேண்டும். ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி ஏற்றினால் பள்ளங்களுக்கு இடம் நெருக்கடியாகி, ஒலியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இது ஏறக்குறைய 44 நிமிட ஆல்பம், இரண்டு பக்கத்துக்குள் அளவாக அடங்குகிறது. ஊசி உள்வட்டத்தை நெருங்க நெருங்க உச்சஒலிகள் கொஞ்சம் மங்கும். கடைசிப் பாட்டான ‘பீ வார்ன்ட்’ அடிமட்டத்தில் ஊர்ந்து போகிற பாட்டு என்பதால், அந்த இடம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது.

அட்டைப்படம் தனிக்கதை. வரைந்தவர் போலந்து ஓவியர் மரியுஷ் லெவாண்டோவ்ஸ்கி. ஆல்பம் வெளிவரும் முன்பே, 2022இல் இறந்துவிட்டார். கைப்பேசியில் நகத்தளவாகப் பார்த்த ஓவியத்தைப் பன்னிரண்டு அங்குலத்தில் மடியில் வைத்துப் பார்க்கும்போது மனசு கனத்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து தட்டுகளைத் தருவிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023லிருந்து சின்ன விலைப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. போன முறை எனக்குத் தபாலில் வந்த ஒரு தட்டின் உறை மூலை மடங்கி வந்தது. கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். நம்மூர் ஈரத்துக்கு உறை பூஞ்சை பிடிக்கும், நிமிர்த்தி அடுக்கிக் காற்றுப்படும்படி வையுங்கள்.

மாமா அடுத்த ஞாயிறும் வருகிறார். ஒபிச்சுவரியின் 1990ஆம் வருட ‘காஸ் ஆஃப் டெத்’ தட்டு யாரிடமாவது இருந்தால் ஒரு வாரத்துக்கு இரவல் தாருங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.