பேராசை அல்ல காரணம்

"அமெரிக்காவில் சின்ன வில்வித்தைக் கடைகள் மூடுவது பேராசையால்தான், ஆன்லைனில் அம்பு பாதி விலை" என்று சிலர் சொல்வது தவறு. இழுவிசை 30 பவுண்டும் மேலுமுள்ள வில்லுக்கு அங்கே 11% கலால் வரி உண்டு. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கட்டுவது அது. கடைக்கு வரும்போதே விலையில் ஏறியிருக்கும். அம்புத்தண்டுக்கு எண்ணிக்கைப்படி தனி வரி. வெளிநாட்டிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் பார்சல் பலநேரம் இதில் தப்பிவிடுகிறது.

இதைவிடப் பெரிய அடி உழைப்பில்தான். காம்பவுண்ட் வில்லை (முனைகளில் உருளைகள் உள்ள வில்) கடைக்காரர் பிரஸ்ஸில், அதாவது வில்லை வளைத்துப் பிடிக்கும் கருவியில், வைத்து நாண் மாற்றி, குறிபார்க்க நாணில் பீப் என்ற சிறு வளையம் கட்டி, காகிதத்தில் எய்து கிழிசலைப் பார்க்கணும். அம்பின் வால்பக்கம் ஓரமாகக் கிழித்தால் ரெஸ்டை (அம்பைத் தாங்கும் பகுதி) மயிரளவு நகர்த்தி மறுபடி எய்யணும். முன்பு இந்த நேரத்தை வில் விற்ற லாபம் தாங்கியது. இப்போது வாடிக்கையாளர்கள் வில்லை வேறெங்கோ வாங்கிவிட்டு, இந்த ட்யூனிங்கை மட்டும் காசில்லாமல் செய்யச் சொல்கிறார்கள்.