ஒரு சொல்லுக்கு நாலு மணி நேரம்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாவட்டவாரியான மழையளவு எக்ஸெல் ஃபைலில் கிடக்கிறது. அதை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இழுத்து, காலையில் கைடிடம் காட்ட ஒரு கிராஃப் போட வேண்டும். இருபது வரி கோட், போன மாதமே எழுதி ஓடவிட்டுப் பார்த்தது. டீயை ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று.

முதல் வரி, லைப்ரரி டைடிவர்ஸ். அதாவது டைடிவர்ஸ் என்ற பேக்கேஜை, யாரோ எழுதி வைத்த ரெடிமேட் கோட் மூட்டையை, உள்ளே கூப்பிடுவது. என்டர் தட்டினேன். சிவப்பு.

அந்த மெசேஜை எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. 'டைடிவர்ஸை லோட் செய்ய முடியவில்லை' என்று ஆரம்பிக்கிறது. அப்புறம் லோட் நேம்ஸ்பேஸ், லிப் பாத்ஸ், வெர்ஷன் செக், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என்று ஒரு மாங்கொட்டை அளவுக்குக் குப்பை. எல்லாம் முடிந்து, கண் சொருகும் இடத்தில் விஷயம் வருகிறது: ஆர்லாங் என்ற இன்னொரு பேக்கேஜின் 1.0.6 ஏற்கெனவே லோட் ஆகியிருக்கிறது, ஆனால் 1.1.0 அல்லது அதற்கு மேல் வேண்டுமாம்.

நான் ஆர்லாங்கைக் கேட்டேனா? என் கோடில் அந்தப் பெயரே கிடையாது. யாருக்கு வேண்டும் என்பதையாவது சொல்கிறதா? அதுவும் இல்லை. பிறகு நானே தோண்டிக் கண்டுபிடித்தேன், கேட்டது டிப்ளையர், டைடிவர்ஸ் கூட்டிவரும் பேக்கேஜ்களில் ஒன்று. இரண்டு நாள் முன்னால் வேறொரு பேக்கேஜ் போட்டபோது அது டிப்ளையரையும் புதுசாக்கிவிட்டுப் போயிருக்கிறது. புது டிப்ளையருக்குப் பழைய ஆர்லாங் பிடிக்கவில்லை. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் சின்ன மாமா கோபித்துக்கொண்டு போனதற்குப் பந்தியே நின்ற கதை.

லேபில் ஜூனியர் தம்பி ஒருவன் எப்போதும் ஆன்லைனில் இருப்பான். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். அரை நிமிடத்தில் பதில்: "அக்கா, டைடிவர்ஸை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க."

எதற்கெடுத்தாலும் மறுபடி இன்ஸ்டால் பண்ணு! காய்ச்சலுக்கும் கஷாயம், கால் சுளுக்குக்கும் கஷாயம். டைடிவர்ஸ் என்பதே ஏறக்குறைய காலி டப்பா, மற்ற பேக்கேஜ்களைச் சேர்த்துக் கூப்பிடுவதற்கு ஒரு பெயர். டப்பாவைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தால் உள்ளே இருக்கும் பருப்பு மாறுமா? இது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை, செய்தேன். அதே சிவப்பு.

சரி, ஆர்லாங்கையே போடுவோம் என்று இன்ஸ்டால் கொடுத்தேன். 'ஆர்லாங் வெற்றிகரமாகப் பிரிக்கப்பட்டது, எம்டி5 சரிபார்க்கப்பட்டது' என்று வந்தது. வெற்றிகரமாக! நான் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன், யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். அதற்குக் கீழே வார்னிங் என்ற பெயரில் மூன்று வரி ஓடியிருக்கிறது: பழைய ஆர்லாங்கை அகற்ற முடியவில்லை, டிஎல்எல் ஃபைலை (பேக்கேஜின் கம்பைல் ஆன கோட் இருக்கும் ஃபைல்) காப்பி செய்ய அனுமதி இல்லை, பழையதையே திரும்ப வைத்துவிட்டோம். அதாவது புதுசு வாசல் வரைக்கும் வந்தது, உள்ளே ஆள் இருந்ததால் திரும்பிப் போய்விட்டது. விண்டோஸில் ஒரு டிஎல்எல் பயன்பாட்டில் இருந்தால் அதன் மேல் இன்னொன்றை எழுத விடாது. நியாயம்தான். ஆனால் தோற்றுப்போன இன்ஸ்டாலேஷனுக்கு எரர் என்று பெயர் வைக்காமல் வார்னிங் என்று வைத்தது எந்த ஊர் நியாயம்?

அடுத்து செஷனை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆரை, ரீஸ்டார்ட் பண்ணினேன். கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்10. மறுபடி லைப்ரரி. மறுபடி சிவப்பு. அதே நீளம், அதே குப்பை, அதே ஆர்லாங், அதே 1.0.6. ஆறு முறை ரீஸ்டார்ட் பண்ணியிருப்பேன்.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். அது அதே மெசேஜ் இல்லை. முதலில் வந்தது 'ஏற்கெனவே லோட் ஆகியிருக்கிறது'. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வந்தது 'லோட் ஆகிக்கொண்டிருக்கிறது'. ஒரு சொல்தான் வித்தியாசம். முன்னதற்கு அர்த்தம், மெமரியில் பழசு உட்கார்ந்திருக்கிறது, செஷனை மூடித் திறந்து பார். பின்னதற்கு அர்த்தம், டிஸ்கிலேயே பழசுதான் இருக்கிறது, ஆயிரம் முறை மூடித் திறந்தாலும் அதுதான் வரும், போய்ப் புதுசைப் போடு. வியாதி வேறு, மருந்து வேறு. இரண்டையும் ஒரே சிவப்பில், ஒரே வாக்கியத்தில், நடுவில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்தால் நள்ளிரவில் எவளுக்குக் கண்ணில் படும்? 'டிஸ்கில் இருப்பது பழசு, அப்டேட் செய்' என்று ஒரு வரி எழுத முடியாதா?

நடுவில் தம்பி அடுத்த வைத்தியம் சொன்னான்: "ஆரையே லேட்டஸ்ட் வெர்ஷன் போட்டுடுங்க அக்கா." அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு தடவை ஆர் 4.3இலிருந்து 4.4க்குப் போய்ப் பட்டவள் நான். விண்டோஸில் பேக்கேஜ் வைக்கும் ஃபோல்டருக்கு வெர்ஷனின் முதல் இரண்டு எண்தான் பெயர். 4.4 என்று புது ஃபோல்டர் பிறந்ததும் அதில் ஒன்றுமே இல்லை. எதைக் கூப்பிட்டாலும் 'அப்படி ஒரு பேக்கேஜே இல்லை' என்று பதில். பக்கத்து 4.3 ஃபோல்டரில் அத்தனையும் பத்திரமாகத் தூங்குகிறது. அதைத் தேடிப் போகலாம் என்றால், 4.2 வந்ததிலிருந்து டாக்குமென்ட்ஸில் இருந்த அந்த ஃபோல்டரை ஆப் டேட்டாவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கண்ணுக்கே தெரியாத ஃபோல்டர் அது. அன்றைக்கு ஒவ்வொன்றாகப் போடும்போது 'சோர்ஸிலிருந்து கம்பைல் பண்ணட்டுமா' என்று கேட்டது. நல்லதுதானே என்று யெஸ் கொடுத்தேன். கம்பைல் பண்ண ஆர்டூல்ஸ் என்ற தனிக் கருவி வேண்டும், அதுவும் 4.4க்கு 44தான் வேண்டும், என்னிடம் இருந்தது 43. 'நான்-ஜீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்' (இன்ஸ்டால் தோற்றது என்பதற்கு அதன் பாஷை) என்று எல்லாம் செத்து விழுந்தது. நோ கொடுத்திருந்தால் ரெடிமேடாகக் கிடைத்திருக்கும். இதை அந்தக் கேள்வியிலேயே சொன்னால் குறைந்தா போய்விடும்?

(இலவசமாகக் கிடைப்பதைத் திட்டலாமா என்று கேட்க வருபவர்களுக்கு: ஆர் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான க்ரானில் இருபதாயிரத்துக்கு மேல் பேக்கேஜ் இருக்கிறது, ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை, என் ஆராய்ச்சியே அதில்தான் ஓடுகிறது. கும்பிடுகிறேன். திட்டவும் செய்வேன்.)

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். எனக்கு முன்னால் லேபில் இருந்த சீனியர்கள் விட்டுப்போன ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் லைப்ரரிக்குப் பதில் ரிக்வயர். அது பேக்கேஜ் கிடைக்காவிட்டால் நிற்காது. ஃபால்ஸ் என்று திருப்பிவிட்டு, ஒரு வார்னிங்கை முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடும். அப்புறம் 140ஆவது வரியில் 'அந்த ஃபங்ஷனைக் காணோம்' என்று செத்து விழும். நாம் 140ஆவது வரியை முறைத்துக்கொண்டிருப்போம், தப்பு மூன்றாவது வரியில் இருக்கும்.

சரி, டிஎல்எல் கதைக்கு வருகிறேன். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி இன்ஸ்டால் கொடுத்தபோதும் ஆர்லாங்கை எழுத விடாமல் பிடித்து வைத்திருந்தது யார் தெரியுமா? நானேதான். தீசிஸ் மூன்றாம் அத்தியாயத்துக்காகச் சாயங்காலம் திறந்த இன்னொரு ஆர் ஸ்டூடியோ (ஆரில் வேலை செய்ய உதவும் மென்பொருள்) விண்டோ, பிரவுசருக்குப் பின்னால் மினிமைஸ் ஆகிக் கிடந்தது. அதன் செஷனில் ஆர்லாங் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் எத்தனை முறை ரீஸ்டார்ட் பண்ணினால் அதற்கென்ன?

எல்லாவற்றையும் மூடினேன். ஆர் ஸ்டூடியோகூட வேண்டாம் என்று, வெறும் ஆரைத் திறந்து ஆர்லாங்கை மட்டும் இன்ஸ்டால் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மணி இரண்டு.

ஆர் ஸ்டூடியோவைத் திறந்து லைப்ரரி டைடிவர்ஸ் அடித்தேன். பெருக்கல் குறி போட்டு இரண்டு வரி வந்தது. நெஞ்சு நின்றுவிட்டது. பார்த்தால், டிப்ளையரின் ஃபில்டரும் லேகும், ஆரோடு கூடவே வரும் ஸ்டாட்ஸ் பேக்கேஜின் அதே பெயர் ஃபங்ஷன்களை மறைக்கிறதாம். வழக்கமான அறிவிப்பு. நன்றாக லோட் ஆனாலும் பெருக்கல் குறி போட்டுத்தான் சொல்வார்கள். டீயில் ஆடை படிந்திருந்தது.

இன்று மதியம் தம்பியிடமிருந்து மெசேஜ்: "அக்கா, எனக்கும் டைடிவர்ஸ் லோட் ஆகல."

"ஏற்கெனவே ஆகியிருக்குன்னு சொல்லுதா, ஆகிக்கிட்டிருக்குன்னு சொல்லுதா?"

"சிவப்பா ஏதோ சொல்லுது அக்கா."