மயஸ்தீனியாவுக்கு மெக்னீசியமா?

"மயஸ்தீனியா கிராவிஸ் வெறும் நரம்புத் தளர்ச்சி, மெக்னீசியம் மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த மெக்னீசியம் யோசனை ஆபத்தானது.

இந்த நோயில் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, பெரும்பாலானவர்களுக்கு, உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே முடக்கிவிடுகின்றன. அதனால்தான் காலையில் நன்றாக இருக்கும் இமை சாயங்காலம் சரிகிறது. பாதிச் சாப்பாட்டிலேயே தாடை ஓய்ந்துபோகிறது. ஓய்வெடுத்தால் வலு திரும்பும். (இதைப் பார்த்துத்தான் 'நடிக்கிறாள்' என்று சொல்லிவிடுகிறார்கள்.) மெக்னீசியம் அந்த அசிட்டைல்கோலின் வெளியாவதையே குறைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும் பலவீனத்தைக் கூட்டலாம். ஆகவே சளி, காய்ச்சலுக்குப் போனாலும் மருத்துவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.

உடற்பயிற்சி, நோய் கட்டுக்குள் இருந்தால் அளவாகச் செய்யலாம், சரி. ஆனால் அது மருந்துக்கு மாற்றல்ல. 1934இல் மேரி வாக்கர் என்ற மருத்துவர் இங்கிலாந்தில் பைசோஸ்டிக்மின் என்ற மருந்தைக் கொடுத்துப் பலன் காட்டினார்; அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கும் அதே வழியில்தான் இன்றைய பைரிடோஸ்டிக்மின் மருந்தும் வேலை செய்கிறது. அப்புறம் ஸ்டீராய்டு, சிலருக்குத் தைமஸை (மார்பில் உள்ள ஒரு சுரப்பி) அகற்றும் அறுவை சிகிச்சை. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.